தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு: நெரிசலில் பிறரை நோகடிக்காமல் இருக்கும் வழி

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்கு, அங்கே நடப்பதை நடை என்று சொல்ல மனம் வராது. முன்னால் போகிறவரின் முதுகும் பின்னால் வருகிறவரின் பையும் சேர்ந்து நம்மை நகர்த்திக்கொண்டு போகும். அந்த நகர்வுக்குள்தான் காலை மிதிப்பது, முழங்கையால் இடிப்பது, குழந்தையின் முகத்தில் பையை உரசிக்கொண்டு போவது, வரிசையை வெட்டி நுழைவது, கடைப்பெண்ணிடம் எரிந்து விழுவது எல்லாம் நடக்கின்றன. அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு சொல் கூட அதிர்ந்து பேசாத மனிதர்கள்தாம் இவற்றைச் செய்கிறார்கள் என்பதை, ஏறக்குறைய எல்லா ஆண்டும் அந்தத் தெருவுக்குப் போய்வந்த அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன்.

நெரிசலில் மரியாதை என்பது பெரும்பாலும் உடம்பால் செய்கிற காரியம். எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் ஒதுங்குகிறோம், பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறோம், குடையை எப்போது விரிக்கிறோம் என்பவற்றில்தான் அது முதலில் தெரிகிறது. வாய்ச்சொல் அதற்குப் பிறகுதான். ஆகையால் இந்தக் கட்டுரையில் நல்ல குணத்தைப் பற்றிக் குறைவாகவும், கால், கை, பை, நேரம் ஆகியவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதப்போகிறேன். தியாகராய நகரை வைத்துச் சொன்னாலும், மதுரை விளக்குத்தூண் பகுதிக்கும், திருச்சி என்.எஸ்.பி. சாலைக்கும், கோவை ஒப்பணக்கார வீதிக்கும், வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய இந்த நகர், 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துக் குடியிருப்பாக அமைக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவும் வீடுகள் இருந்த தெருதான். வீட்டுக்காரர்களும் பால்காரரும் வந்துபோவதற்குப் போதுமாக இருந்த அகலத்தில், இன்று பண்டிகை நாள்களில் லட்சக்கணக்கானோர் வந்துபோகிறார்கள். போதாக்குறைக்கு அதன் ஒரு முனையில் ரயில் நிலையமும் மறுமுனையில் உஸ்மான் சாலையும் இருப்பதால், கடைக்கு வராதவர்களும் அதையே வழியாகக் கொள்கிறார்கள். நம்மை இடித்தவர் நம்மீது கோபம் கொண்டு இடிக்கவில்லை, அவருக்கு வைக்க வேறு இடமில்லாத காலை நம் கால்மேல் வைத்துவிட்டார் என்று எண்ண இந்த ஒரு செய்தி எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

புறப்படும் முன்

கடையில் நடக்கும் சண்டைகளில் பாதி, வீட்டில் முடிவெடுக்காமல் கிளம்பியதால் வருகின்றன. யாருக்கு எத்தனை துணி, மொத்தம் எவ்வளவு செலவு என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். அப்படிப் பேசாதவர்கள் புடவை மேசையின் முன்னால் நின்று பேசுகிறார்கள். பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, கணவன் மனைவிக்குள் வருகிற மனக்கசப்பு கடைசியில் எதிரே நிற்கும் விற்பனைப் பெண்ணின் தலையில் இறங்குகிறது. அளவு ஜாக்கெட், பிள்ளைகளின் இடுப்பளவு, வீட்டிலேயே இருந்துவிட்ட மாமனாரின் சட்டை அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால், கல்லாவின் முன் நின்று ஊருக்குப் போன் போட்டுக் கத்த வேண்டியிருக்காது.

எந்த நாளில் போவது என்பதும் மரியாதையைச் சேர்ந்த கேள்விதான். போனஸ் பணம் கைக்கு வந்த பிறகு வரும் சனி, ஞாயிறுகளில்தான் கூட்டம் உச்சத்தைத் தொடும். தினக்கூலிக்கும் வாரம் ஆறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த ஞாயிறுகளை விட்டால் வேறு வழியில்லை. வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள் ஆகியோர் செவ்வாய், புதன்கிழமைகளில் கடை திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் போய்வந்துவிட்டால், தமக்கும் வசதி, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வர முடிந்தவருக்கும் ஒரு காலடி இடம் மிச்சம். இதை நான் ஒரு கடமையாகவே கருதுகிறேன்.

கைக்குழந்தையை விட்டுவிட்டு வர வழியிருந்தால் விட்டுவிட்டு வருவதே நல்லது. தள்ளுவண்டியை ரங்கநாதன் தெருவுக்குள் கொண்டுவரவே கூடாது. முன்னால் போகிறவரின் குதிகால் கிழியும், உள்ளே இருக்கும் குழந்தை பெரியவர்களின் முழங்கால் உயரத்தில் மூச்சுத் திணறும். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். முதுகில் தொங்கும் பை நாம் திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்பவரை அறைகிறது, அது நமக்குத் தெரிவதுகூட இல்லை. ஐந்தாறு பிளாஸ்டிக் உறைகளை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்து நடப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே கட்டைப்பையில் அடுக்கி உடம்போடு ஒட்டித் தொடைக்கு முன்னால் பிடிப்பது நல்லது.

தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் நம் ஊரில் அனேகமாக ஒன்றாகவே வரும். நெரிசலில் விரித்த குடையின் கம்பி நுனி, சராசரி உயரமுள்ள ஒருவரின் கண்ணுக்கு நேராக வருகிறது. மழைச்சட்டை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குடைதான் உண்டென்றால், தெருவின் அடர்ந்த பகுதியில் அதை மடக்கிவிட்டு நனைவதற்குத் தயாராக இருங்கள். கடைக்குள் நுழைகையில் சொட்டும் குடையை ஓர் உறைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பளிங்குத் தரையில் சொட்டிய தண்ணீரில் வழுக்கி விழுகிறவர் பெரும்பாலும் வயதானவர்.

தெருவில் நடக்கும்போது

இடப்பக்கமாக நடப்பது, திடீரென நிற்காமல் இருப்பது ஆகிய இரண்டையும் கடைப்பிடித்தால் தெருவின் பாதிச் சிக்கல் தீரும். ஜன்னலில் தொங்கும் சுடிதார் கண்ணைப் பறித்தால், நடந்துகொண்டே மெல்ல ஓரத்துக்கு வந்து, கடைவாசலை மறிக்காமல் ஒதுங்கிய பிறகு நில்லுங்கள். தெரு நடுவே ஒருவர் நின்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவருக்குக் காரணம் தெரியாததால் தள்ளுகிறார். செல்பேசிக்கும் இதே விதிதான். ஐந்து பேர் கொண்ட குடும்பம் கைகோத்துத் தெருவின் குறுக்கே சங்கிலியாக நடப்பதும் தவறு. ஒருவர் பின் ஒருவராக, முன்னவரின் தோளையோ பையின் காதையோ பிடித்தபடி நடந்தால், பிரிந்து போகாமலும் இருக்கலாம், எதிரே வருகிறவருக்கு வழியும் கிடைக்கும்.

பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை ரயில் நிலையத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் முன்கையில் பேனாவால் செல்பேசி எண்ணை எழுதிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பண்டிகைக் காலத்தில் அங்கே காவல்துறை கண்காணிப்புக் கோபுரங்களும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கும். குழந்தை காணாமல் போனால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடாமல், அருகிலுள்ள காவலரிடம் சொல்லி அறிவிக்கச் செய்யுங்கள். குழந்தை விட்ட இடத்திலேயே குடும்பத்தில் ஒருவர் நிற்கட்டும்.

முதியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள், மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட நடைமேம்பாலத்தைப் பயன்படுத்தலாம். சுமார் 570 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் கடை இல்லாததால் யாரும் நிற்பதில்லை. பேருந்துக்காக மட்டுமே ரங்கநாதன் தெருவைக் கடக்கிறவர்கள் எல்லாரும் மேலே ஏறிவிட்டால், கீழே இருப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. பாண்டி பஜாரில் 2019இல் அமைத்த நடைபாதை வளாகத்தில் உட்கார இடமுண்டு. கால் கடுத்துப்போனவரை அங்கே அமர்த்திவிட்டு மற்றவர்கள் கடைக்குப் போகலாம்.

தரையில் விரித்து வைத்து விற்கிறவர்களிடம் காட்டப்படும் அலட்சியம் எனக்கு எப்போதும் வேதனை தருவது. கிளிப்பும் கர்ச்சீப்பும் பிள்ளைகளின் உள்ளாடையும் அடுக்கிய ஒரு தார்ப்பாய்தான் அவர்களுடைய முழு முதல். கூட்டம் தள்ளுகிறபோது அதன் ஓரத்தை மிதித்துவிட்டால், திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்; சேதம் ஆகியிருந்தால் காசைக் கொடுங்கள். அவர்களிடம் பேரம் பேசுவதில் தவறில்லை. கடையில் எழுதிய விலைக்கு மறுபேச்சில்லாமல் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, வெளியே வந்து பத்து ரூபாய்க்காக அந்தத் தார்ப்பாயை மறித்து நின்றுகொண்டு கால் மணி நேரம் வாதிடுவதுதான் தவறு.

தள்ளுவதைப் பற்றி

நெரிசலில் பின்னாலிருந்து தள்ளுவதைப் பண்புக் குறைவு என்று மட்டும் எண்ணக் கூடாது, அது உயிரைப் பறிக்கக்கூடியது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் நான்கு பேர் வரை நிற்கும்போது நாம் நம் விருப்பப்படி நகர முடியும். ஐந்து, ஆறு பேராகும்போது உடம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு மேல் கூட்டம் தண்ணீரைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது: பின்னால் ஒருவர் கொடுக்கும் தள்ளு அலையாகப் பரவி, பல அடி தள்ளி நிற்பவரைச் சுவரோடு நசுக்குகிறது. இப்படிப்பட்ட விபத்துகளில் பலர் மிதிபட்டுச் சாவதைவிட, நின்ற நிலையிலேயே மார்புக்கூடு விரிய இடமின்றி மூச்சுமுட்டிச் சாகிறார்கள். 2017 செப்டம்பர் 29 அன்று, தசராவுக்கு முந்தைய நாள், மும்பை எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் மழைக்காக ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் குறுகிய படிக்கட்டில் சேர்ந்து நெருக்கியதில் 23 பேர் இறந்தார்கள். மாம்பலம் நிலையத்துப் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்தான் நினைவுக்கு வருகிறது. படிக்கட்டில் நிற்காதீர்கள், கடைவாசலில் நிற்காதீர்கள், நகரும் படியிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்று அடுத்த மாடிக்கு வழி தேடாதீர்கள்.

நெருக்கம் கூடுவதாகத் தோன்றினால், இரு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ள வேண்டும்; எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் தளரும் கணத்தில் ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகர வேண்டும்; குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்; கீழே விழுந்த எதையும் குனிந்து எடுக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை பின்னால் வந்தவர் மிதித்ததில் என் அம்மாவின் செருப்பு வார் அறுந்து போனது. அம்மா பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டார். நான் இரண்டடி முன்னால் போயிருந்தேன், திரும்பி வர முடியவில்லை. அப்போது ஓர் இளைஞர் அம்மாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே புகுந்து, கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் எதிரேயிருந்த கடை ஷட்டரில் ஊன்றிக்கொண்டு வளைந்து நின்றார். அவருடைய முதுகில் வந்து மோதிய பைகள் ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் அதிர்ந்தது. "அம்மா, செருப்பு போனா போகுது, நீங்க எந்திரிங்க மொதல்ல" என்றார். அம்மா எழுந்ததும் அவர் கூட்டத்தோடு போய்விட்டார், நன்றி சொல்லக்கூட முடியவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்ற அம்மா, வீடு திரும்பும் வரை அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஒருவர் முறைகேடாக நடந்தால்

வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால், அவருடைய நோக்கத்தைப் பற்றிப் பேசாமல் இடத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். "அண்ணே, வரிசை அங்க முடியுது, நாங்கல்லாம் அதுலதான் நிக்கிறோம்" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் பின்னால் போய்விடுவார்கள். "கண்ணு தெரியலையா?" என்று தொடங்கினால், தவறு செய்தவருக்கும் தன் மானத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அவர் நகரமாட்டார். நம் ஊரில் இதற்கென்றே அக்கா, அண்ணே, ஐயா, தம்பி, பாப்பா என்று உறவுச் சொற்கள் கைவசம் இருக்கின்றன. "அக்கா, பையைக் கொஞ்சம் முன்னாடி பிடிச்சுக்கோங்க, பாப்பா மூஞ்சில படுது" என்று சொன்னவரிடம் கோபித்துக்கொண்ட அக்காவை நான் இதுவரை பார்த்ததில்லை. நாமே இடித்துவிட்டால், நிற்க நேரமில்லை என்று போய்விடாமல், கண்ணைப் பார்த்து "தெரியாம பட்டுடுச்சும்மா" என்று சொல்லுங்கள். இரண்டு நொடிதான் ஆகும்.

அவர் திருப்பிக் கத்தினால் பதில் சொல்லாமல் விலகிவிடுவதே சரி. உங்களோடு இருக்கும் பிள்ளைகளும் முதியவர்களும்தான் அந்தச் சண்டையில் முதலில் நசுங்குவார்கள்.

இதுவரை சொன்னது இடநெருக்கடியால் வரும் முரட்டுத்தனத்துக்கு மட்டுமே. நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்களின் உடம்பைத் தொடுகிறவனிடம் பொறுமை காட்ட வேண்டியதில்லை, உறவுச் சொல்லும் வேண்டியதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். தமிழ்நாட்டில் இதற்கெனப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் 1998 முதல் இருக்கிறது. உரத்த குரலில் சட்டையின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை, கையை எடு" என்றால், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் யார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அருகில் காவலர் இல்லையென்றால் 112, 100, 1091, 181 ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் அழைக்கலாம். பக்கத்தில் நிற்கும் நமக்கும் வேலை உண்டு. அந்தப் பெண்ணிடம் "நிஜமாத்தானா, கூட்டத்துல பட்டிருக்கும்" என்று சொல்லி அவரை இரண்டாம் முறை அவமதிக்காமல், அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

புடவை மேசையின் முன்னால்

நெரிசலின் கொடுமையை மிக அதிகமாகத் தாங்குகிறவர்கள் கடைக்குள்தான் இருக்கிறார்கள். நாம் இரண்டு மணி நேரம் நின்று சலித்துப்போகிற இடத்தில் அவர்கள் காலையிலிருந்து இரவு வரை, பண்டிகை முடியும் வரை, நாள்தோறும் நிற்கிறார்கள். பலர் தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளம் வயதினர். எல்லாரும் தீபாவளி கொண்டாடுவதற்காகத் தம் தீபாவளியின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தவர்கள். வேலைநேரத்தில் உட்கார இருக்கை தரவேண்டும் என்பது, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் சட்டப்படியான கட்டாயமாயிற்று. இருக்கை இருந்தாலும், பண்டிகைக் கூட்டத்தில் அதில் உட்கார அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நாம் போனால், "உக்காந்தே எடுத்துக் காட்டும்மா" என்று சொல்வது நம்மால் முடிகிற காரியம்.

பிரித்துக் காட்டிய புடவையை மறுபடி மடிப்பது எவ்வளவு வேலை என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் கை தானாகவே அடங்கும். அந்தப் பெண் முதலில் இரு கரைகளையும் ஒன்றாகச் சேர்த்து நீளவாக்கில் இரண்டாக்குவார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இருந்தால் உண்டு. இல்லையென்றால் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பழைய மடிப்பின் தடத்திலேயே மடிப்பு விழவேண்டும், இல்லாவிட்டால் துணியில் புதுச் சுருக்கம் விழும். முந்தானை வெளியே தெரியும்படி மேலே வரவேண்டும். உள்ளங்கையால் இரண்டு முறை நீவி, அட்டையைச் செருகி, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி வைத்து, அடுக்கில் அதே நிறத்தின் மேல் வைப்பார். இத்தனையும் ஒரு புடவைக்கு. நாம் "அதை எடு, இதைப் பிரி" என்று விரலால் காட்டிக்கொண்டே போய் முப்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் நல்லால்லே" என்று நகர்ந்துவிடுகிறோம்.

அப்படி நகர்ந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நாத்தனாருக்குப் புடவை எடுக்கப் போயிருந்தபோது, ஒரு மணி நேரம் பார்த்தும் எதுவும் அமையாத எரிச்சலில், கடைசியாக மேல் தட்டிலிருந்து எடுத்துக் காட்டிய மயில்கழுத்து நிறப் புடவையைப் பார்த்து, "இதை மொதல்லயே காட்டியிருக்கலாம்ல, இவ்வளவு நேரம் வீணாப் போச்சு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிரித்துக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். வலது காலைத் தூக்கி இடது கணுக்காலின்மேல் தேய்த்துவிட்டு, சற்று நேரம் கழித்துக் காலை மாற்றிக்கொண்டாள்; மேசைக்கு அந்தப் பக்கம் அவள் செருப்பில்லாமல் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் முதலில் என்ன நிறம் வேண்டும், எவ்வளவு விலைக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவள் அதை முதலிலேயே எடுத்திருப்பாள். தவறு முழுவதும் என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, நீங்க வாங்க போங்கனு பேசுனீங்க. சில பேரு விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவாங்க" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். மேசையருகே போனதும், அவர் வேறொருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை காத்திருக்கிறேன். முறை வந்ததும், யாருக்கு, என்ன வகை, எந்த நிறம், எவ்வளவு விலைக்குள் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். மடித்த நிலையிலேயே கரையையும் உடலையும் பார்த்து மூன்று நான்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் பிரிக்கச் சொல்கிறேன். வேண்டாம் என்று முடிவானதை உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். குவியலின் அடியில் கிடக்கும் அந்தப் புடவையை இன்னொருவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும். மடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக் கொடுக்கிறேன். சில கடைகளில் மேற்பார்வையாளர் "நீங்க விடுங்கம்மா" என்பார். அப்போது விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் திட்டு விழும். ஒன்றும் அமையாமல் எழ நேர்ந்தால், "உங்களுக்கு ரொம்ப வேலை வச்சிட்டோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுகிறேன்.

வேறொருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் துணியைப் பிடித்து இழுப்பதைத் தள்ளுபடிக் குவியல்களின் அருகே நிறையப் பார்க்கலாம். கையில் இருப்பது அவருடையது. அவர் கீழே வைத்த பிறகு, "இது வேண்டாமாக்கா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

உடை மாற்றிப் பார்க்கும் அறைக்கு வரிசை நீளமாக இருக்கும். மூன்று உடைகளுக்கு மேல் கொண்டுபோகாமல், படம் எடுத்து ஊருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதை வெளியே வந்து வைத்துக்கொண்டால் போதும். பில் போடும் இடத்தில், ஒருவர் வரிசையில் நிற்க, குடும்பத்தில் மற்றவர்கள் இன்னும் துணி எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் திணித்துக்கொண்டே இருப்பது பின்னால் நிற்பவர்களுக்கு நியாயமல்ல. எடுத்து முடித்த பிறகே வரிசையில் நில்லுங்கள். பணமோ அட்டையோ செல்பேசியோ, எதில் கட்டப்போகிறோம் என்று முடிவுசெய்து கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இணைய இணைப்பு அடிக்கடி திணறுவதால் கொஞ்சம் ரொக்கம் இருப்பது நல்லது. கர்ப்பிணியோ, கைக்குழந்தையோடு நிற்பவரோ பின்னால் இருந்தால், அவர் கேட்பதற்கு முன்னால் நாமே முன்னே அழைத்து விடலாம். ஆனால் நம் இடத்தை மட்டும்தான் நாம் கொடுக்க முடியும். நமக்கு முன்னால் நிற்பவர்களிடம் கேட்டுவிட்டே அவரை அதற்கு மேல் அனுப்ப வேண்டும்.

வீடு திரும்பும்போதும் அதற்குப் பிறகும்

தாம்பரம் பக்கமோ கடற்கரைப் பக்கமோ போகும் மின்ரயிலில் ஏறும்போது, இறங்குகிறவர்கள் இறங்கி முடியும் வரை கதவின் இரு பக்கமும் ஒதுங்கி நின்றால்தான் அவர்கள் கட்டைப்பைகளோடு இறங்க முடியும். ஏறிய பிறகு பைகளை மேல்தட்டில் வையுங்கள், அல்லது மடியில் வையுங்கள். இருக்கையில் துணிப்பையை வைத்து இடம் பிடித்துவிட்டு, நிற்கிற பெரியவரைப் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எடுத்த துணியின் அளவு சரியில்லை என்றால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள்களில் மாற்றுவதற்குப் போய் நிற்காமல் இருப்பது நல்லது. மாற்றித் தருவதற்கான காலக்கெடு பில்லில் எழுதியிருக்கும். அதை வாங்கும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். துணியிலேயே குறை இருந்தால் நிலைமை வேறு. விற்ற பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மேலாளரிடம் பில்லையும் துணியையும் காட்டி நிதானமாகக் கேளுங்கள். அவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். கடையின் விதியை எழுதியது மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணல்ல என்பதால், அவரிடம் குரலை உயர்த்துவதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. விலைச்சீட்டைக் கிழிக்காமல், உடுத்தாமல், பில்லோடு, தீபாவளி கழிந்த வாரத்தில் ஒரு வேலைநாள் முற்பகலில் போங்கள். அப்போது கடையில் கூட்டம் இருக்காது, உங்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்தவரே இருந்தால் அவரிடமே கேளுங்கள். ஊருக்குப் போய்வந்தாரா என்றும் கேளுங்கள்.